அடிக்கிற கைதான் அணைக்குமா? – காதல் கதைகளும் நம் பிள்ளைகளும்



பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று நாம் நாள்தோறும் வற்புறுத்துகிறோம். நீலாம் குறிப்பேட்டில் எத்தனை நூல்கள் பதிவாகியுள்ளன என்று எண்ணிப் பார்க்கிறோம். அதிகம் வாசித்தவருக்குச் சபைகூடலில் பரிசும் தருகிறோம். ஆனால் பள்ளி மணி அடித்த பிறகு, நம் கண்ணுக்கு அப்பால், அதே பிள்ளைகள் தாமாக விரும்பி எதை வாசிக்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

அண்மைக் காலமாக ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவியரிடம் நான் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறேன். "நீ படித்த கதைகளில் உனக்கு மிகவும் பிடித்த கதாநாயகன் யார்? ஏன்?" விடைகள் என்னைச் சிந்திக்க வைத்தன. கோபக்காரன், யாருக்கும் அடங்காதவன், அவளை வேறு யாரும் பார்க்கவே விடாதவன், முதலில் கொடுமைப்படுத்திப் பிறகு அன்பு காட்டுபவன் என்று அடுக்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்! எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "அம்மா கைப்பேசியில, டீச்சர்" என்கிறார்கள்.

இக்கட்டுரை காதல் கதைகளுக்கு எதிரானது அன்று. காதல் இல்லாமல் தமிழ் இலக்கியம் ஏது? கொடுமையைக் காதல் என்று பெயர் மாற்றி விற்கும் கதைகளைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

தோட்டத்திலிருந்து கைப்பேசி வரை

நம் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் எனப் பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், லயத்து வீடுகளுக்குள் வாசிப்பு நுழைந்த வழிகள் சிலவே. நாளேடுகளின் ஞாயிறு பதிப்பு, தமிழ்நாட்டிலிருந்து வந்த வார இதழ்கள், மாத நாவல்கள் ஆகியவையே அவை. 1924-இல் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றுபோனது. 1969-இல் தொடங்கிய 'ராணி முத்து' போன்ற மாத நாவல்கள் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, மாட்டுத்தாளால் மறு அட்டை போடப்பட்டுப் பத்து வீட்டுக்குப் பயன்பட்டன. விடியற்காலையில் பால் வெட்டப் போய், நண்பகலில் திரும்பி, சமைத்து, துவைத்து முடித்த பெண்ணுக்குக் கிடைத்த அரை மணி நேரம் அந்த நாவலுக்கு உரியது. பள்ளிப்படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்திய பல தாய்மார்கள் எழுத்தை மறக்காமல் இருந்ததற்கு அந்த நாவல்களே காரணம். அதை நான் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் ஈப்போ, பத்து காஜா, கம்பார் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தார்கள். மாத நாவலின் இடத்தைத் தொலைக்காட்சித் தொடரும், பின்னர் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. இன்று 'வாட்பேட்', 'பிரதிலிபி' போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். 'வாட்பேட்' 2006-இல் கனடாவில் தொடங்கியது. 'பிரதிலிபி' 2014-இல் பெங்களூருவில் தொடங்கி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்தது. எழுதத் துணியாத எத்தனையோ இல்லத்தரசிகள் இவற்றால் எழுத்தாளர்களானார்கள். இதுவும் பாராட்டத்தக்கதே.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய நாவல் அச்சேறும் முன் ஓர் ஆசிரியரின் மேசையைத் தாண்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் அட்டையைப் பார்த்தே அம்மா என்ன படிக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இன்றைய கதை ஒரு குழந்தையின் கையடக்கத் திரைக்கு நேராக வருகிறது. எது அதிகம் வாசிக்கப்படுகிறதோ, அதைப் போன்றதே மேலும் மேலும் முன்னால் வந்து நிற்கிறது.

கதையின் அச்சு

இக்கதைகளில் சிலவற்றை நான் தொடர்ந்து வாசித்தேன். இணைய வாசகர்கள் இவற்றை 'ஆன்டி ஹீரோ' கதைகள் என்கிறார்கள். ஆள் மாறும், ஊர் மாறும், அச்சு மாறாது.

அவன் பெரும் பணக்காரன், தொழிலதிபன், முன்கோபி. அவள் ஏழை அல்லது ஆதரவற்றவள். ஏதோ ஒரு தப்பெண்ணத்தாலோ பழிவாங்கும் நோக்கத்தாலோ அவளைக் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுகிறான். வீட்டில் அடைக்கிறான். சொல்லால் சுடுகிறான், கன்னத்தில் அறைகிறான், சில கதைகளில் அவள் விருப்பமில்லாமலேயே அவளைத் தொடுகிறான். அவள் அழுகிறாள், பொறுக்கிறாள், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கண்விழித்துப் பணிவிடை செய்கிறாள். கடைசி இரண்டு அத்தியாயங்களில் அவனுடைய சிறுவயதுத் துயரம் வெளிப்படுகிறது. அவன் ஒரு துளிக் கண்ணீர் விடுகிறான். முந்நூறு பக்கக் கொடுமை அந்த ஒரு துளியில் கழுவப்பட்டுவிடுகிறது!

இந்த அச்சு நமக்கு மட்டும் உரியதன்று. 1740-இல் இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமேலா' என்ற நாவலில், வேலைக்காரப் பெண்ணைத் தொடர்ந்து தொல்லை செய்து, அடைத்தும் வைத்த முதலாளி, இறுதியில் அவளை மணக்கிறான். அவளுடைய நற்பண்புக்குக் கிடைத்த பரிசு அவனே! ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்தும் அதே பரிசைத்தான் நம் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

திரைப்படங்களும் இந்த அச்சிலிருந்து தப்பவில்லை. 1991-இல் வெளிவந்த 'குணா'வில் மனநலம் குன்றிய நாயகன் ஒரு பெண்ணைக் கடத்திக் குகையில் வைத்திருக்கிறான். அவள் பின்னர் அவனை நேசிக்கிறாள். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் அதன் பாடலை மீண்டும் இளையோர் வாயில் ஒலிக்கச் செய்தது. 2003-இல் வந்த 'காதல் கொண்டேன்' ஒருதலைக் காதலில் வெறிகொண்ட இளைஞன்மீது நம் இரக்கத்தை அள்ளிக் கொட்டியது. 2016-இல் வந்த 'ரெமோ'வில் வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட மருத்துவப் பெண்ணை நாயகன் செவிலி வேடமிட்டு ஏமாற்றியே கைப்பிடிக்கிறான். நடிப்பும் இசையும் சிறப்பாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றிலும் அந்தப் பெண் தொடக்கத்தில் "ஆம்" என்று சொல்லவில்லை என்பதையும் மறக்க இயலவில்லை.

"கதைதானே, ஆசிரியை?"

பெற்றோர் சந்திப்பு நாளன்று இதைப் பற்றிப் பேசியபோது ஒரு தாய் இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பேய்க்கதை படிப்பவர்கள் எல்லாம் பேயாகிவிடுவதில்லை. கொலைக்கதை படிப்பவர்கள் கத்தியைத் தூக்குவதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட நூலொன்றில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடமே பேசி, அவர்கள் ஏன் வாசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். வீட்டாருக்காகவே ஓடும் நாளில், தமக்கென ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்ளவே வாசிக்கிறார்கள் என்பது அவர் கண்ட முதல் உண்மை. லயத்துத் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். இன்னொன்றையும் அவர் கண்டார். நாயகனின் முரட்டுத்தனத்தை, உள்ளே மறைந்திருக்கும் அன்பின் அடையாளமாகப் படிக்க இக்கதைகள் பழக்குகின்றன என்பதே அது. தொடக்கத்தில் அவன் கொடியவனாக இருந்தான். முடிவில் அவன் அன்பு தெரிந்தது. ஆகவே அந்தக் கொடுமையும் அன்புதான் என்று மனம் பின்னோக்கி விளக்கம் சொல்லிக்கொள்கிறது.

நாற்பது வயது வாசகி தம் வாழ்க்கை அனுபவத்தை வைத்து அதை எடைபோடுவார். சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எடைபோட என்ன இருக்கிறது? அவளுக்குக் காதல் என்பது கதையில் மட்டுமே தெரிந்த பொருள். அந்தப் பொருளுக்கு அகராதியே அந்தக் கதைதான்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பத்தொன்பது வயதில், தம்பியின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றுக்கொள்ளப் பள்ளிக்கு வந்திருந்தாள். கட்டுரை எழுதுவதில் வகுப்பிலேயே முதல்வளாக இருந்தவள். மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்தது. என்னவென்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவரு என் மேல ரொம்ப பாசம், டீச்சர். நான் யார்கிட்ட பேசினாலும் அவருக்குத் தாங்காது. என் கைப்பேசிகூட அவருகிட்டதான் இருக்கும். கதையில வருவாங்களே, அந்த மாதிரி!"

அந்தக் கடைசிச் சொற்களை அவள் பெருமையாகச் சொன்னாள். அவள் அறியாதவள் அல்லள். தனக்கு நடப்பதைச் சொல்ல அவளிடம் சொற்களும் இருந்தன. ஆனால் அவை தவறான சொற்கள். ஐயத்துக்குப் பாசம் என்றும், கண்காணிப்புக்கு அக்கறை என்றும், அடிக்கு உரிமை என்றும் அவள் படித்த கதைகள் பெயர் சூட்டியிருந்தன. உதவி எண் ஒன்றை எழுதி அவள் கையில் கொடுத்தேன். ஓராண்டு கழித்தே அவள் அதைப் பயன்படுத்தினாள்.

கதைகளை மட்டுமே பழித்துப் பயனில்லை. வீட்டில் நாம் சொல்லும் பழமொழிகளும் அதே பாடத்தையே நடத்துகின்றன. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கிறோம். "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்கிறோம். தொழுநோய்க் கணவனைக் கூடையில் சுமந்து, அவன் விரும்பிய பரத்தையின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோன நளாயினியின் கதையைப் பெண்ணின் பெருமையாகச் சொல்கிறோம். தொடர்கதை எழுதுபவர் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. நாம் விதைத்ததையே அவர் அறுவடை செய்கிறார்.

தமிழ் சொல்லும் காதல் எது?

"இதுதானே நம் பண்பாடு" என்று சிலர் கேட்கக்கூடும். பண்பாடு என்ற சொல்லை எடுத்தால் தொல்காப்பியத்தைத் திறந்து பார்ப்பதே முறை.

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாகப் பகுத்தார். நடுவே நிற்கும் ஐந்திணை மட்டுமே ஒத்த அன்பு. அதற்கு முன்னே கைக்கிளையும் பின்னே பெருந்திணையும் நிற்கின்றன. காதலுணர்வு இன்னும் முதிராத இளம்பெண்ணிடம், அவள் மறுமொழி ஏதும் கூறாதபோதும், தானே பேசித் தானே இன்புறுவது கைக்கிளை என்கிறார். விடாமல் பின்தொடரும் நம் திரை நாயகனை இதைவிடத் துல்லியமாக யாரால் படம்பிடிக்க இயலும்?

பெருந்திணைக்கு அவர் நான்கு குறிப்புகள் தருகிறார். மடலேறுதல் அவற்றுள் ஒன்று. பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, ஊரறியத் தன்னை வருத்திக்கொண்டு, அப்பெண்ணை ஈயுமாறு நெருக்குவதே மடல். மடலேறுவேன் என்று சொல்வதோடு நின்றால் அது ஐந்திணையின் எல்லைக்குள் இருக்கலாம். உண்மையிலேயே ஏறிவிட்டால் அது பெருந்திணை. "நீ இல்லாவிட்டால் செத்துவிடுவேன்" என்று கையை அறுத்துக்கொண்டு படம் அனுப்பும் இன்றைய இளைஞனும் மடலேறியவனே. இளமை கடந்த பொருந்தாமை, தெளிவிழந்த காமம், மிகுந்த காமத்தால் எழும் மிடல் ஆகியவை ஏனைய மூன்று. மிடல் என்றால் வலிமை. வலிமை காட்டிப் பெறும் இன்பத்தை ஒத்த அன்பின் வரிசையில் வைக்க அவர் மறுத்துவிட்டார்.

மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியரிடையே இருக்க வேண்டிய பத்து ஒப்புமைகளைச் சொல்கிறார். குடியும் ஆண்டும் உருவும் அதில் உண்டு. அருளும் உணர்வும் உண்டு. அடுத்து, இருக்கக்கூடாதவற்றையும் பட்டியலிடுகிறார். கொடுமையும் வன்சொல்லும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன! நாயகனின் கவர்ச்சி என்று இன்றைய கதைகள் காட்டும் இரண்டையும் பழந்தமிழ் இலக்கணம் தகுதியின்மை என்று தள்ளி வைத்திருக்கிறது.

வள்ளுவரின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். அவற்றுள் கடைசி அதிகாரம் ஊடலுவகை. ஊடலில் தோற்றவரே வென்றவர் என்பது அவர் கண்ட நுட்பம். ஊடல் என்பது இருவரும் மாறி மாறித் தோற்கக்கூடிய விளையாட்டு. ஒருவரே எப்போதும் தோற்று, ஒருவரே எப்போதும் அடித்தால் அதற்கு ஊடல் என்று பெயர் வைக்க இயலாது.

கற்புக்குக் கண்ணகியைக் காட்டுவோர் சிலம்பையும் முழுமையாகப் படிக்க வேண்டும். கணவனைத் திரும்பப் பெறக் காமவேள் கோட்டம் சென்று தொழலாம் என்று தோழி தேவந்தி சொன்னபோது, அது பெருமைக்குரிய செயலன்று என மறுத்தவள் கண்ணகி. மதுரைக்கு வந்தபின் தன் ஒழுக்கக் கேட்டை எண்ணிக் கோவலனே வருந்துகிறான். அவன் செய்தது போற்றத்தக்கது அன்று என்று அவளும் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். காத்திருந்தாள் என்பது உண்மை. ஆனால் தவற்றைத் தவறு என்று சொல்லும் வாயை அவள் இழக்கவில்லை.

நம் காலத்து இதழ்களிலும் வேறு வழி காட்டிய படைப்புகள் உண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் 'ஆனந்த விகடன்' என்ற வெகுமக்கள் இதழிலேயே வந்தது. கெடுக்கப்பட்ட மகளின் தலையில் நீரூற்றி, நீ தூயவள் என்று சொல்லி அவளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள் தாய். கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைக்கவில்லை. கே. பாலசந்தரின் 'அவர்கள்' (1977) படத்தில், கொடுமைக்காரக் கணவனைப் பிரிந்த பெண், இறுதியில் அவனை நம்பியும் நில்லாமல் வேறு வாழ்க்கை தேடிப் புறப்படுகிறாள். மாமியாரே அவளுக்குத் துணையாகப் போகிறாள். வெகுமக்கள் படைப்பு என்றால் தரம் தாழ்ந்துதான் இருக்க வேண்டும் என்பது விதியன்று.

பெயர் மாறினால் பார்வை மாறும்

1998-இல் சென்னையில் கேலி செய்த இளைஞர்களால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' என்ற சொல் இருந்தது. 'டீசிங்' என்றால் சீண்டல், கேலி. உயிரைப் பறித்த செயலுக்கு விளையாட்டின் பெயர்! பின்னர் அது பெண்களைத் துன்புறுத்தல் என்று திருத்தப்பட்டது. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை இரயில் நிலையத்தில், தன்னைப் பின்தொடர்ந்து வந்தவனால் ஓடும் இரயிலின் முன் தள்ளப்பட்டு ஒரு மாணவி மாண்டார். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் "ஒருதலைக் காதலால் கொலை" என்றே தலைப்பிடுகிறார்கள். இதில் காதல் எங்கே இருக்கிறது?

நம் நாட்டிலும் சட்டம் கண் திறந்திருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

• பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023 மே 31 முதல் மலேசியாவில் குற்றம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 507ஏ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பின்னால் வருவது, வீட்டருகே சுற்றித் திரிவது, வேண்டாம் என்ற பிறகும் செய்தி அனுப்புவது, பொருள்களை அனுப்புவது போன்றவை மீண்டும் மீண்டும் நிகழ்ந்து அச்சத்தையோ மனவுளைச்சலையோ தந்தால், அவை இதில் அடங்கும். திரையில் பாட்டுக்கு நடுவே நாயகன் செய்யும் அத்தனையும் இதில் இருக்கின்றன.

• 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் வந்த திருத்தத்தால் மனத்தை வதைப்பதும் வன்முறையாக ஏற்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சமூகநல அதிகாரி ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். ஆனால் இச்சட்டம் மணமானவர்கள், முன்னாள் துணைவர்கள், குடும்பத்தினர் ஆகியோருக்கே உரியது. மணமாகாத காதலர்கள் இதனுள் வருவதில்லை. ஆகவே நம் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் குடை இல்லை. அடி விழுந்தால் காவல் நிலையத்தில் பொதுவான தண்டனைச் சட்டத்தின் கீழ்தான் புகார் செய்ய வேண்டும்.

• 2017-ஆம் ஆண்டுச் சிறுவர் பாலியல் குற்றங்கள் சட்டம், பாலியல் நோக்கத்தோடு சிறுவரிடம் நயந்து பேசி வயப்படுத்துவதையே தனிக் குற்றமாக்கியது. "கதை எழுதும் அண்ணன்" ஒருவர் இணையத்தில் உங்கள் மகளோடு தனியே உரையாடுகிறார் என்றால், விழித்துக்கொள்ளுங்கள்.

• உதவிக்கு 'தாலியான் காசே' 15999 என்ற எண் உண்டு. ஈப்போவில் பேராக் மகளிருக்கான மகளிர் சங்கமும் உதவுகிறது.

நாம் செய்யக்கூடியவை

கைப்பேசியைப் பிடுங்குவதும் கதையைத் தடை செய்வதும் எளிது. ஆனால் பயன் தராது. மறைத்துப் படிக்கும் கதைக்கு வலிமை கூடும். அதோடு, "உன் கைப்பேசி என்னிடம் இருக்கட்டும், உன் நன்மைக்குத்தான்" என்று சொல்லும் முதல் ஆள் நாமாக இருக்க வேண்டுமா? அதே சொற்களை நாளை வேறொருவன் சொன்னால் அவளுக்கு எப்படி வேறுபாடு தெரியும்?

எனக்குப் பயன் தந்த வழிகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

1. உடன் வாசியுங்கள். மகள் என்ன தொடர் படிக்கிறாள் என்று ஏளனமின்றிக் கேளுங்கள். ஓர் அத்தியாயத்தை நீங்களும் படியுங்கள். தாய்மார்களே, நீங்கள் படிக்கும் அதே தொடர் என்றால் இன்னும் எளிது.

2. ஐந்து கேள்விகள் கேளுங்கள். அவள் "வேண்டாம்" என்றபோது அவன் என்ன செய்தான்? அவளுக்கு அந்த வீட்டைவிட்டு வெளியேற வழி இருந்ததா? அவளுடைய தோழியும் பெற்றோரும் கதையில் எங்கே போனார்கள்? அவன் பணக்காரனாகவும் அழகனாகவும் இல்லாமல் இருந்தால் இதே செயலை என்னவென்று சொல்வாய்? உன் அக்காவுக்கு இப்படி நடந்தால் நீ மகிழ்வாயா? நான்காம் கேள்விக்கு வகுப்பில் எப்போதும் சற்று நேரம் அமைதி நிலவும். அந்த அமைதியில்தான் பாடம் நடக்கிறது.

3. நீலாம் குறிப்பேட்டில் படிப்பினை எழுதும் இடத்தை வீணாக்காதீர்கள். "பொறுமை வெல்லும்" என்று எழுதினால், "யாருடைய பொறுமை? எதை வென்றது?" என்று ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

4. மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆண்பிள்ளையும் அதே கதையை வேறு பக்கத்திலிருந்து கற்கிறான்: மறுப்பு என்பது முயற்சியின் தொடக்கம்; கோபம் ஆண்மை; மன்னிப்புக் கேட்பது கடைசி அத்தியாயத்தில் போதும். "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பி நடக்கத் தெரிந்தவனே வீரன் என்று அவனுக்கு யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒருத்தியின் பென்சில் பெட்டியைப் பறித்தவனைப் பார்த்து, "உன்னை அவனுக்குப் பிடிக்கும், அதனால்தான் சீண்டுகிறான்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் நகைச்சுவை அந்தப் பாடத்தின் முதல் பக்கம்.

5. நலக்கல்விப் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தன் உடலின் எல்லை, பாதுகாப்பான தொடுதல், உறவு முறை பற்றிய பகுதிகளைக் கூச்சத்தால் தாண்டிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உள்ளது. உலு கிந்தாவில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், பாட நோக்கத்தையும் கற்றல் பேற்றையும் எழுதக் கற்றோம். தமிழ்மொழிப் பாடம் நடத்தும் நமக்குச் சொல்லின் பொருளைத் திருத்தும் கடமையும் இருக்கிறது. 'பாசம்' என்ற சொல்லுக்கு ஒரு மாணவி தவறான பொருள் எழுதினால் சிவப்பு மையால் திருத்துகிறோம் அல்லவா? அதே சொல்லுக்கு அவள் வாழ்க்கையில் தவறான பொருள் எழுதப்படும்போது நாம் வாளாவிருக்கலாமா?

6. மாற்றுக் கதைகளைக் கொடுங்கள். நல்ல காதல் கதைகளைப் பிள்ளைகளின் வயதறிந்து கொடுக்கலாம். எழுதும் ஆர்வமுள்ள தாய்மார்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் நாயகன் கோபப்படட்டும், தவறும் செய்யட்டும். ஆனால் அதற்கான விலையை அவனே கொடுக்கட்டும். அவள் கொடுக்க வேண்டாம். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் ஒரு முடிவையும் ஒரு முறையாவது எழுதிப் பாருங்கள்.

நிறைவாக

தோட்டத்து லயங்களில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் இந்த வீட்டில் கேட்கும். ஆனாலும் பலர் கேட்காததுபோல் இருந்தார்கள். "புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன" என்றார்கள். இன்று நாம் கல்வீட்டில் வாழ்கிறோம், சுவர் தடித்துவிட்டது, சத்தம் வெளியே வருவதே இல்லை. ஆகவே, காதில் விழட்டும் என்று காத்திருக்கும் காலம் போய்விட்டது. பிள்ளையின் மனத்தில் எந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நாமாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அணைக்கிற கை அடிக்காது. இந்த ஒரு வரியை நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்முன், திருக்குறளைப்போல் மனப்பாடமாகக் கொண்டுசெல்லச் செய்வோம். ஆசிரியர்களும் பெற்றோர்களும் உங்கள் கருத்துகளையும் வகுப்பறை அனுபவங்களையும் பகிர்ந்துகொள்ளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.